ஆங்கில நாட்டு விடுதியும் அயலூர் விருந்தினரும்

‘விருந்து’ என்னும் சொல்லைக் கேட்டால் இன்று நம் கண்முன் நிற்பன வாழையிலையும் வடை பாயசமுமே. தொல்காப்பியர் காலத்திலோ அச்சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாத புதியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றால் அவரே விருந்தினர். உற்றாரையும் உறவினரையும் ஓம்புதல் வேறு. புதியவரை ஓம்புதல் வேறு. இவ்விரண்டனுள் பின்னதே அரிது என்பதை உணர்ந்தே வள்ளுவர் பெருமான் அதற்கெனப் பத்துக் குறட்பாக்கள் கொண்ட ஓர் அதிகாரத்தை வகுத்தார் போலும்.

புதியவராய் ஒரு வாயிலில் நிற்பது எத்தகையது என்பதைத் தமிழகம் விட்டு இந்நகர் வந்து வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக இரயில் நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு முகவரிச் சீட்டுடன் தெருத் தெருவாக அலைந்தவர்கள் நம் முன்னோர். “எந்த ஊர்? என்ன சாதி? வீட்டில் மீன் சமைப்பீர்களா?” என்னும் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே அவர்களிற் பலருக்குக் கதவு திறந்தது. விடை கூறிய பின்னரும் திறவாத கதவுகள் உண்டு. ஆகவே, ஆண்டு விழா மலரில் எழுத ஒரு பொருளை நாடியபோது, பணம் பெற்றுக்கொண்டு புதியவரைத் தங்க வைக்கும் தொழில் வேறொரு நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்று ஆராய்வது தகும் என்று கருதினோம். அந்நாடு இங்கிலாந்து. நம்மை ஆண்டவர்களின் நாடு அது. நம் தலைவர்கள் பலர் இளமையில் வாடகை அறைகளில் தங்கிப் பயின்ற நாடும் அதுவே. அந்நாட்டின் சிறு விடுதிகளையும் அவற்றில் தங்கினோர் பெற்ற பட்டறிவையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

சட்டம் திறந்து வைத்த கதவு

ஆங்கில நாட்டில் வழிச்செல்வோர் விடுதி மிகத் தொன்மையானது. அதனை அவர்கள் ‘இன்’ என்பர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் என்னும் பெரும்புலவர் தாம் இயற்றிய காண்டர்பரிக் கதைகளை இத்தகைய விடுதி ஒன்றிலேயே தொடங்குகிறார். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சவுத்வர்க்கு என்னுமிடத்தில் இருந்த டாபர்டு விடுதியே அது. காண்டர்பரிக்குத் திருத்தலப் பயணம் புறப்பட்ட பல திறத்தாரும் அங்கு ஓரிரவு தங்குகின்றனர். வீரனும் துறவியும் வணிகனும் உழவனும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குகின்றனர். விடுதித் தலைவனே முன்னின்று, வழிநடை வருத்தம் தீர ஆளுக்கொரு கதை சொல்லுமாறு ஏவுகிறான். அந்த விடுதி 1676-இல் சவுத்வர்க்கில் மூண்ட பெருந்தீயில் அழிந்து, மீண்டும் எழுந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. எனினும் அதே தீயில் அழிந்து மறு ஆண்டே கட்டப்பெற்ற ஜார்ஜ் விடுதி அதன் அண்மையில் இன்றும் நிற்கின்றது.

வழிச்செல்வோன் ஒருவன் வேளையிலும் நியாயமான நிலையிலும் வந்து, உரிய பணமும் தருவானாயின், இடம் இருக்கும்வரை விடுதிக்காரன் அவனை ஏற்றே தீர வேண்டும். ‘உன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று கூறி அவனைத் திருப்பியனுப்ப இயலாது. இதுவே ஆங்கில நாட்டுப் பொதுச் சட்டம். தங்கியவன் பொருள் விடுதியின் எல்லைக்குள் களவு போயின் விடுதிக்காரனே ஈடு செய்யவும் வேண்டும். 1584-இல் எழுந்த காலீ வழக்கில் இக்கடமையின் எல்லை வரையறுக்கப்பட்டது. வந்தவன் தன் குதிரையை மேய்ச்சல் நிலத்தில் விடுமாறு கூற, அது அங்கே களவு போயிற்று. களவு விடுதிக்கு வெளியே நிகழ்ந்ததால் விடுதிக்காரன் பொறுப்பாகான் என்றும், உள்ளே நிகழ்ந்திருப்பின் அவனே பொறுப்பென்றும் நடுவர்கள் உரைத்தனர்.

இத்துணைக் கண்டிப்பு ஏன்? அக்காலச் சாலைகளில் கள்வர் மிகுதி. இருட்டிய பின் வழிப்போக்கனுக்குக் கதவடைத்தல் அவனை இறப்பிற்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். மேலும், விடுதிக்காரனே கள்வரோடு கூடிக்கொள்ளவும் கூடும். ஆதலால் அன்பை நம்பாது சட்டத்தையே நம்பினர் அம்மக்கள். நம் நாட்டிலோ மன்னரும் செல்வரும் அறம் கருதிச் சத்திரம் கட்டினர். மதுரையில் மங்கம்மாள் சத்திரமும் தஞ்சை நாட்டில் மராட்டிய மன்னர் எழுப்பிய சத்திரங்களும் இன்றும் அவ்வறத்திற்குச் சான்று பகர்கின்றன. ஆங்கிலேயர் வழி வணிகம். நம் வழி அறம். நம் வழியே உயர்ந்தது என்று உடனே கூறிவிடத் தோன்றும். ஆயின் நம் சத்திரங்களிற் பலவற்றில் சாதிக்கொரு பந்தி இருந்ததையும், சிலருக்குத் திண்ணையும் இல்லாதிருந்ததையும் நாம் மறைத்தலாகாது. அறம் கொடுப்போனின் விருப்பத்தைச் சார்ந்து நின்றது. சட்டமோ பெறுவோனுக்கு உரிமை தந்தது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

ஏட்டில் இருந்த உரிமை நடைமுறையில் முழுமையாகக் கிட்டியதோ எனின், இல்லை. புகழ்பெற்ற நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1668-இல் சாலிசுபரி நகரில் ஒரு விடுதியில் தங்கினார். பட்டுப் படுக்கையும் நல்லுணவும் கிடைத்தன. மறுநாள் கணக்குச் சீட்டு வந்ததும் அதன் மிகுதி கண்டு சினம் பொங்கினார். அடுத்து அவர் தங்கிய சிறு விடுதியில் படுக்கையில் பேன் இருந்தது. அதனைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். மனிதர் மனம் இத்தகையது! பேனைப் பொறுக்கும், பொய்க்கணக்கைப் பொறாது.

செருமனியிலிருந்து 1782-இல் வந்த கார்ல் பிலிப் மோரிட்ஸ் என்னும் ஆசிரியரின் பட்டறிவு இன்னும் கசப்பானது. ஆங்கில நாட்டைக் கால்நடையாகவே சுற்றிப் பார்க்க அவர் விழைந்தார். குதிரை வண்டியில் வருவோரையே மதித்துப் பழகிய விடுதிக்காரர்கள், நடந்து வந்தவரை இரவலர் போல நோக்கினர். ஓரிடத்தில் இடம் மறுத்தனர். ஓரிடத்தில் இழிந்த அறை ஒன்றைக் காட்டினர். அதற்கும் ஏவலர் காசுக்குக் கை நீட்டினர். இறுதியில் நெட்டில்பெடு என்னும் சிற்றூரில் ஒரு விடுதி அவரை ஏற்றது. முதல் நாள் இரவு அடுக்களையில் படைவீரரோடும் ஏவலரோடும் அமர்ந்து உண்டார். மறுநாள் ஞாயிறு. தூய ஆடை அணிந்து அவர் வெளிவந்ததும் அவருக்கு வழங்கிய விளியே மாறிற்று. நல்ல கூடத்தில் இருக்கை கிடைத்தது. ஆள் அவரே, மாறியது ஆடை ஒன்றே! ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்னும் நம் நாட்டுப் பழமொழி தேம்ஸ் நாட்டிலும் செல்லும் போலும்.

கடற்கரையும் வீட்டுக்கார அம்மாளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப் பாதை வந்தது. குதிரை வண்டிச் சாலைகள் வெறிச்சோடின. அச்சாலைகளை நம்பி வாழ்ந்த விடுதிகள் பல நலிந்தன. இரயில் நிலையங்களின் அருகே மாடமாளிகை போன்ற பெருவிடுதிகள் எழுந்தன. செல்வர் அவற்றை நாடினர். எளியவர் எங்கே செல்வர்? அவர்களுக்காகவே கடற்கரை ஊர்களில் மற்றொரு வகை இல்லம் தழைத்தது. குடும்பம் ஒன்று தான் வாழும் வீட்டிலேயே சில அறைகளை ஒழித்துப் பணம் பெற்றுக்கொண்டு பிறரைத் தங்கவைத்தது. அதனைப் ‘போர்டிங் ஹவுஸ்’ என்றனர். பின்னாளில் அதுவே படுக்கையும் காலையுணவும் மட்டும் தரும் ‘பெட் அண்ட் பிரேக்பாஸ்ட்’ ஆயிற்று.

இவ்வூர்களுள் தலைசிறந்தது லங்காஷயர் கடற்கரையில் உள்ள பிளாக்பூல். 1846-இல் அங்கு இரயில் வந்தது. லங்காஷயர் அன்று பருத்தி ஆலைகள் நிறைந்திருந்த நாடு என்பதைப் பலரும் அறிவர். அங்கு ஒவ்வோர் ஆலை நகரத்திற்கும் ஆண்டில் ஒரு வாரம் விடுமுறை இருந்தது. அவ்வாரம் நகரத்தின் ஆலைகள் எல்லாம் ஒருங்கே மூடப்படும். தறிக்காரர் குடும்பங்கள் ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசுடன் கடற்கரைக்குப் புறப்படும். ஒரு தெருவில் அண்டை வீட்டாராய் வாழ்ந்தவர்கள் பிளாக்பூலிலும் அண்டை அறையினராய்த் தங்கினர். ஆண்டுதோறும் அதே வாரம், அதே வீடு, அதே அம்மாள் என்று பல குடும்பங்கள் தலைமுறையாகத் தொடர்ந்தன. இவ்வாலைகளின் துணி பெரும்பகுதி நம் நாட்டுச் சந்தைக்கு வந்ததை நாம் மறக்கவில்லை. நம் நெசவாளர் தறி ஓய்ந்த கதையும் இத்தறிக்காரர் கடற்கரைக்குச் சென்ற கதையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் ஆகும்.

அவ்வில்லங்களை நடத்தியோர் பெரும்பாலும் பெண்டிர். கைம்பெண்களும் மணமாகாத தமக்கையரும் அவருட் பலர். பெண்கள் தம் பெயரில் ஒரு தொழில் நடத்துதல் அரிதாயிருந்த காலத்தில், சமையலும் துவைத்தலும் கணக்கும் தாமே செய்து தம் காலில் நின்ற இம்மகளிரை நாம் பாராட்டவே வேண்டும். ஆனால் ஆங்கில நாட்டு நகைச்சுவையாளர் அவர்களைப் பாராட்டவில்லை. படத் தபாலட்டைகளிலும் மேடைகளிலும் கையைக் கட்டிக்கொண்டு வாயிலை அடைத்து நிற்கும் கொடிய உருவமாகவே அவர்களைத் தீட்டினர்.

அந்நகைப்பிற்கும் ஓர் அடிப்படை இல்லாமலில்லை. தொடக்க நாட்களில் விருந்தினர் தம் உணவுப் பொருளைத் தாமே வாங்கிவந்து கொடுப்பர். அம்மாள் சமைத்துத் தருவார். அறைக்கும் உழைப்பிற்கும் மட்டும் கூலி. ஆனால் வார இறுதிக் கணக்கில் மேசைமேல் வைத்த உப்புக்கும் மிளகுத்தூளுக்கும் தனிக் காசு எழுதியிருக்கும்! குளிப்பதற்குத் தனிக் காசு கேட்ட இல்லங்களும் உண்டு. காலையுணவு முடிந்ததும் அனைவரும் வெளியேற வேண்டும். உணவு வேளை வரை கதவு திறவாது. மழை பெய்யினும் கடற்கரையே கதி. இரவு குறித்த மணிக்குமேல் வந்தால் தாழ் விழுந்திருக்கும். உணவுக்குச் சேகண்டி அடித்து அழைப்பர். அடித்த பின் தாமதித்தால் முகம் சுளிப்பர். இத்தனைக்கும் காரணம் கொடுமையன்று. கோடைக்கால வாரங்கள் சிலவற்றில் வரும் வருவாயைக் கொண்டே ஆண்டு முழுதும் குடும்பம் நடத்த வேண்டும். கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு கட்டிலில் பலர் படுத்தனர். வீட்டார் அடுக்களையில் படுத்தனர். பகலில் அறைகளைத் துடைத்து அடுத்த வேளை சமைக்க, அந்த ஒற்றைக் கைக்கு அவ்வெற்று வீடு இன்றியமையாததாயிற்று.

1938-இல் ஊதியத்தோடு கூடிய விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. அதன் பயனை மக்கள் நுகருமுன்னரே உலகப் போர் மூண்டது. பிளாக்பூல் இல்லங்களில் விமானப் படைக்குப் பயிற்சி பெற வந்த இளைஞர்களை அரசினர் குடியமர்த்தினர். போர் முடிந்த பின்னும் 1954 வரை உணவுப் பங்கீடு நீடித்தது. நெடுநாள் தங்க வருவோர் பெட்டியோடு பங்கீட்டுப் புத்தகத்தையும் கொணர்ந்து அம்மாளிடம் ஒப்படைத்தனர். அக்காலத்தில் ஒரு முட்டையைக் கண்டால் விருந்தினர் முகம் மலர்ந்தது என்றால் வியப்பில்லை.

நம்மவர் பெற்ற பட்டறிவு

இத்தகைய இல்லங்களில்தாம் நம் நாட்டு இளைஞர் பலரும் தங்கினர். 1888-இல் இளைஞரான காந்தியடிகள் இலண்டன் வந்து முதலில் விக்டோரியா ஓட்டலில் தங்கினார். கணக்கு மூன்று பவுன் என்றதும் திடுக்கிட்டார். பின்னர் இந்தியாவில் வாழ்ந்து பழகிய ஒரு கைம்பெண்ணின் இல்லத்தில் அறை அமைந்தது. தாய்க்கு அளித்த உறுதிமொழியால் ஊன் உண்ணார். அம்மையார்க்கோ மரக்கறி சமைக்கத் தெரியாது.  கிடைத்த உணவு பசிக்குப் போதவில்லை. இன்னும் வேண்டும் என்று கேட்க நாணினார். அவ்வம்மையின் பெண்மக்கள் இருவரும் பரிந்து இன்னொரு துண்டு வைப்பர். முழு ரொட்டியே இருந்தாலும் உண்டிருக்கக்கூடிய பசி தமக்கிருந்தது என்று அடிகள் பின்னாளில் சத்திய சோதனையில் எழுதினார். பசித்த விருந்தினர் வாய்விட்டுக் கேளார். ஓம்புவோர்தாம் குறிப்பறிதல் வேண்டும். அப்பெண்மக்கள் அதனை அறிந்திருந்தனர்.

நாற்பத்து மூன்று ஆண்டுகட்குப் பின் 1931-இல் வட்டமேசை மாநாட்டிற்கு வந்த அடிகள் ஓட்டல்களை விலக்கினார். இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைத் தொழிலாளர் நடுவே மூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். அப்போதே லங்காஷயருக்கும் சென்றார். அந்நியத் துணி விலக்கால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர், தம் பிழைப்பில் மண் விழுந்ததற்குக் காரணர் என்று சொல்லப்பட்ட அவரை வெறுப்போடன்றி மகிழ்ச்சி ஆரவாரத்தோடு வரவேற்றனர். பிளாக்பூலில் வாரம் ஒன்று தங்கி மகிழ்ந்த அதே மக்கள்தாம் அவர்கள். விருந்தோம்பல் விடுதிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இடம் கிடைக்காமல் அலைந்த இந்திய மாணவர்க்குத் தாமே ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்னும் எண்ணமும் எழுந்தது. 1905-இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா இலண்டன் ஹைகேட்டில் ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் மாணவர் இல்லத்தைத் திறந்தார். நம் வ. வே. சு. ஐயர் அவர்களும், பிற்காலத்தில் சென்னை மாகாண அமைச்சராய் விளங்கிய டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களும் அவ்வில்லத்தின் தொடர்பு பெற்ற தமிழர்கள். தங்க இடம் தந்த வீடு விடுதலை வேட்கைக்கு உலைக்களமாயிற்று. 1909-இல் அது மூடப்பட்டது. அவ்வாண்டே விஜயதசமியை ஒட்டி இலண்டனில் இந்தியர் நடத்திய விருந்திற்குக் காந்தியடிகள் தலைமை தாங்கினார். மாணவர்களே கூடிச் சமைத்தனர். முன்னதாகவே வந்து பாத்திரம் துலக்கியும் காய் நறுக்கியும் உதவிய மெலிந்த மனிதரே அன்றைய தலைவர் என்பது பின்னரே தெரியவந்தது என்று டாக்டர் ராஜன் கூறியுள்ளார். அன்று விருந்தினரே விருந்தோம்பினார்!

மற்றுமொரு தமிழரின் தொண்டையும் ஈண்டு நினைத்தல் நம் கடன். சேலத்திற் பிறந்த கே. டி. பால் அவர்கள் இந்திய வொய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர். 1920-இல் அவர் முயற்சியால் இலண்டனில் இந்திய மாணவர் விடுதி தோன்றியது. பிட்ஸ்ராய் சதுக்கத்தில் இன்றும் அது நடைபெறுகிறது. குளிர் நாட்டில் குழம்புச் சோறு கண்டு கண்கலங்கிய மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லல் அரிது.

அடைத்த கதவும் தட்டிய கையும்

இனி முன்னர்க் கூறிய சட்டத்திற்கு மீள்வோம். ‘இன்’ எனப்படும் விடுதிக்கு மட்டுமே அக்கடமை. தன் வீட்டில் சிலரைத் தங்கவைக்கும் இல்லத்திற்கு அது இல்லை. வீட்டுக்காரர் விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிடின் மறுக்கலாம். 1956-ஆம் ஆண்டு ஓட்டல் உரிமையாளர் சட்டமும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்தது. ஆகவே எளியோர்க்கென எழுந்த சிற்றில்லங்களே எளியோரைத் தெரிந்தெடுத்து விலக்கும் உரிமையும் பெற்றிருந்தன. வரலாற்றின் முரண்பாடுகளுள் இது ஒன்று.

விலக்கப்பட்டோர் பலர். 1898-இல் ஹார்பர்டன் சீமாட்டி மிதிவண்டி ஓட்டத் தக்க காற்சட்டை அணிந்து ஆக்கம் என்னும் ஊரின் விடுதிக்கு வந்தார். உணவுக் கூடத்தில் அவ்வுடையோடு நுழையக்கூடாது. மதுக்கடையை ஒட்டிய அறையில் அமரலாம் என்றாள் விடுதித் தலைவி. வழக்கு 1899-இல் நடுவர் முன் வந்தது. வேறோர் இடத்தில் உணவு தர இசைந்ததால் மறுப்பு நிகழவில்லை எனத் தீர்ப்பாயிற்று. சீமாட்டி தோற்றார், எனினும் பெண்கள் அவ்வுடையைக் கைவிடவில்லை.

கிரிக்கெட்டு அறிந்தார் யாவரும் மேற்கிந்தியத் தீவு வீரர் லியரி கான்ஸ்டன்டைனை அறிவர். 1943-இல் இலண்டனில் பந்தயம் ஆட வந்த அவர், மனைவியோடும் மகளோடும் ஒரு பெரிய விடுதியில் நான்கு இரவு தங்க முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். வந்து சேர்ந்ததும், அமெரிக்கப் படையினர் தங்கியிருக்கும் இடத்தில் கறுப்பினத்தவர் இருத்தல் ஆகாது. ஓரிரவுக்குமேல் இடமில்லை என்றனர். ஆங்கில நாட்டிற்காகப் போர்க்காலப் பணி ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு இந்த மறுமொழி! அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. வழக்குத் தொடுத்தார். 1944-இல் நீதிபதி பிர்க்கெட்டு அவர் பக்கமே தீர்ப்பளித்தார். கிடைத்த ஈடு ஐந்து கினி மட்டுமே. ஆனால் நாட்பட்ட பொதுச்சட்டம் இன்னும் உயிரோடு உள்ளது என்பது உலகறிய விளங்கிற்று. காலீ வழக்கின் காலத்தில் வழிப்போக்கரைக் காத்த அதே சட்டம் கான்ஸ்டன்டைனையும் காத்தது.

ஆயினும் சிற்றில்லங்களின் கதவு அடைத்தே இருந்தது. போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் சென்றோர் வாடகை அறைகளின் சன்னலில் நிறத்தவர்க்கு இடமில்லை என்னும் அட்டைகளைக் கண்டு திரும்பினர். 1965-ஆம் ஆண்டு இனத் தொடர்புச் சட்டம் ஓட்டல்களில் இனம் பற்றி மறுப்பதைத் தடுத்தது. ஆயின் தனியார் தங்கும் இல்லங்களை அது தொடவில்லை. அச்சட்டத்தைச் செயற்படுத்த அமைந்த குழுவின் தொடக்க உறுப்பினர் மூவருள் ஒருவர் கான்ஸ்டன்டைனே என்பது குறிப்பிடத்தக்கது. 1968-இல் சட்டம் விரிந்து வீட்டு வசதியையும் தழுவிற்று. அப்போதும் வீட்டுக்காரர் உடனுறையும் மிகச் சிறிய இல்லங்களுக்கு விலக்கு இருந்தது.

வீடு என்பது வீட்டுக்காரரின் கோயில். அதில் அவர் விருப்பமே சட்டம் என்பது ஒரு வாதம். கடை திறந்து காசு வாங்கிய பின் அது வீடன்று, கடையே என்பது மறு வாதம். இவ்வழக்கு நம் காலத்தும் வந்தது. 2008-இல் கார்ன்வால் கடற்கரையில் ஒரு சிறு விடுதி நடத்திய தம்பதியர், முறைப்படி பதிவு செய்துகொண்டு வாழும் ஆண்கள் இருவருக்கு ஒரே கட்டில் உள்ள அறையைத் தம் சமய நம்பிக்கை காரணமாக மறுத்தனர். 2013-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது தவறென்றே முடிவு கூறிற்று. தம் நம்பிக்கையில் நிற்க அவர்களுக்கு உரிமையுண்டு. ஆனால் பொதுமக்களுக்கெனத் திறந்த தொழிலில் வந்தோரைப் பிரித்து நடத்தும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். அத்தம்பதியர் மனநோவையும் நாம் எள்ளி நகையாட மாட்டோம். எனினும் பெட்டியோடு வாயிலில் நின்று திரும்பினோர் யாராயினும், அவர் நோவு நமக்கு முன்னறிந்த நோவு.

விருந்தினர் குரல்

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே உயிருக்கு அரண் வேண்டுமன்றோ? 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சாஃப்ரன் வால்டன் என்னும் ஊரின் பழைய விடுதி ஒன்று தீப்பற்றிப் பதினொருவர் மாண்டனர். அத்துயரின் பின் 1971-இல் தீத்தடுப்புச் சட்டம் பிறந்தது. ஆறு பேருக்குமேல் தங்கவைக்கும் இல்லங்கள் சான்றிதழ் பெறுதல் கட்டாயமாயிற்று. செலவுக்கு அஞ்சிச் சில அம்மாள்கள் இல்லத்தை மூடினர். ஸ்பெயின் நாட்டுக் கதிரவனை நாடி மக்கள் விமானம் ஏறத் தொடங்கியதும் அக்காலமே. அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும் என்று வந்தோர் கேட்டதும், இருந்த சிறு அறையைத் தடுத்து நீர்க்குழாய் பொருத்தியவர்கள் பிழைத்தனர், மற்றையோர் ஓய்ந்தனர்.

விருந்தினர் தம் குறை நிறைகளை எழுதித் தொகுக்கும் வழக்கமும் வளர்ந்தது. 1951-இல் ரேமண்டு போஸ்ட்கேட் உண்போரின் கடிதங்களைக் கொண்டே நல்லுணவு வழிகாட்டியை வெளியிட்டார். 1978-இல் இலரி ரூபின்ஸ்டைன் தங்கியோரின் கடிதங்களைக் கொண்டு நல்விடுதி வழிகாட்டியைத் தொடங்கினார். இடையே 1975-இலும் 1979-இலும் வெறும் பன்னிரண்டு பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வந்த ‘பால்டி டவர்ஸ்’ நாடகம், டார்க்கி நகரத்து விடுதிக்காரர் ஒருவரை நாடு முழுதும் நகைக்கச் செய்தது. விருந்தினரே தம் அமைதியைக் கெடுக்க வந்த பகைவர் என்று கருதும் விடுதிக்காரர் அவர்! நகைப்பு எங்கே பிறக்கிறது? ஓரளவேனும் உண்மை கலந்த இடத்தில்தான்.

இன்று கடிதத்தின் இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. 2014-இல் பிளாக்பூலில் தங்கிய தம்பதியர் விடுதியைப் பழித்து எழுதினர். பழித்தெழுதினால் தண்டம் என்று முன்னரே நிபந்தனையில் அச்சிட்டிருந்த விடுதி, அவர்கள் கணக்கிலிருந்து நூறு பவுனை எடுத்துக்கொண்டது. நாடு நகைக்கவும் நகராட்சி தலையிடவும் பணம் திரும்பிற்று. அன்று பீப்ஸ் கணக்குச் சீட்டைக் கண்டு சினந்ததும் இன்று இவர்கள் வழக்காடியதும் ஒன்றே. முந்நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளில் விருந்தினர் மனம் மாறவில்லை.

நாம் கற்பது

இத்துணையும் கூறியது அந்நாட்டாரைப் புகழ்வதற்கும் அன்று, பழிப்பதற்கும் அன்று. சட்டம் இல்லாத இடத்தில் மனிதர் அன்பு சில வாயிலைத் திறந்தது. பல வாயிலைத் திறக்கவில்லை. சட்டம் வந்த இடத்தில் கதவு திறந்தது. முகம் மட்டும் சில வேளைகளில் திறக்கவில்லை. ஆகவே இரண்டும் வேண்டும். கதவைத் திறக்கச் சட்டம் வேண்டும். உள்ளே வந்தவர் பசியைக் குறிப்பறிந்து இன்னொரு ரொட்டித் துண்டு வைக்க அன்பு வேண்டும்.

இந்நகரில் நமக்கு அன்று கதவு திறந்தோரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். திறவாதோர் மீது இன்று நமக்கு வன்மம் இல்லை. ஆனால் ஒன்றை நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நன்று. நம்மிற் பலர் இன்று சொந்த வீடு கட்டி, மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடும் நிலையை அடைந்துள்ளோம். அசாமிலிருந்தோ பீகாரிலிருந்தோ காசுமீரத்திலிருந்தோ ஓர் இளைஞன், நம் தந்தையார் கொண்டுவந்தது போன்ற ஒரு பெட்டியோடு அவ்வாயிலில் நின்றால், நாம் கேட்கும் முதல் வினா யாது? அன்று நம்மைச் சுட்ட அதே வினாவாயின், நாம் இந்நகரில் வாழ்ந்த இத்தனை ஆண்டுகளும் வீணே. “பயணம் எப்படி இருந்தது? சாப்பிட்டாயிற்றா?” என்பதே முதல் வினாவாயின், நம் சங்கம் தமிழ் வளர்த்தது உண்மை. விருந்து என்றால் புதுமை என்று பொருள் கண்ட மொழிக்கு உரியவர்கள் நாம். அப்பொருள் ஏட்டில் மட்டும் இராது நம் வாயிலிலும் விளங்குவதாக!